ஒன்பதாம் பட்டறையும் தீட்டா எழுத்தும்: ரோமானியக் காசுகளின் நாணயச்சாலைக் குறிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாணயச்சாலைக் குறி என்றால் என்ன? அதைக் காசில் எங்கே தேட வேண்டும்?

ஒரு காசு எந்த ஊரில், அவ்வூர் நாணயச்சாலையின் எந்தப் பட்டறையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் சில எழுத்துகளே நாணயச்சாலைக் குறி. பேரரசரின் தலை பொறித்த பக்கத்தைத் திருப்பினால், பின்பக்கத்தில் ஒரு தெய்வமோ, போர்வீரர்களோ, கோட்டை வாயிலோ இருக்கும். அவ்வுருவம் நிற்கும் தரையாக ஒரு கிடைக்கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கும் காசின் விளிம்புக்கும் இடையே உள்ள பிறை வடிவ இடத்தில்தான் குறி பெரும்பாலும் இடம்பெறும். சில காசுகளில் பட்டறையின் எழுத்து மட்டும் மேலேறி, உருவத்தின் பக்கவாட்டில் உள்ள வெற்றிடத்தில் நிற்கும்.

டயோக்ளீஷியன் 294 வாக்கில் நாணயத்தைச் சீர்திருத்திய பிறகு இவ்வழக்கம் பேரரசு முழுவதும் ஒழுங்காகப் பரவியது. லண்டன், ட்ரியர், ஆர்ல், அக்குவிலேயா, ரோம், சிஸ்கியா, தெசலோனிக்கா, நிக்கோமீடியா, சைசிக்கஸ், அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா என ஒவ்வோர் ஊருக்கும் தனிச் சுருக்கெழுத்து இருந்தது. அதற்கு முன் எஸ், எம் என்னும் இரண்டு எழுத்துகள் வந்தால், ‘சாக்ரா மொனேட்டா’, அதாவது பேரரசருக்குரிய புனித நாணயச்சாலை என்று பொருள்.

காசில் பட்டறையின் எண்ணை ஏன் பொறித்தார்கள்?

பொறுப்பை நிலைநாட்டுவதற்காக. காசு எடை குறைந்தாலோ வெள்ளி குறைந்தாலோ, எந்தப் பட்டறையைக் கேள்வி கேட்பது என்பது மேலாளருக்குத் தெரிய வேண்டும். பொதுமக்களுக்கு அந்த எழுத்தால் பயன் எதுவும் இல்லை. தமிழ் இலக்கணம் ‘குழூஉக்குறி’ என்று ஒரு வழக்கைச் சொல்கிறதல்லவா? ஒரு தொழிலார் தமக்குள் மட்டும் புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளும் அடையாளம் அது. பட்டறை எண்ணும் அவ்வகையைச் சேர்ந்ததே.

ரோம் நகர நாணயச்சாலையில் இவ்வெண்கள் தெளிவாகத் தென்படுவது, பேரரசர் முதலாம் பிலிப் 248இல் ரோமின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடிய போது வெளியிட்ட காசுகளில்தான். விழாவில் காட்டப்பட்ட விலங்குகளை அக்காசுகளில் பொறித்து, பட்டறைக்கு ஒரு விலங்கு என்று பிரித்துக்கொண்டார்கள். சிங்கத்துக்கு 1, இரட்டையருக்குப் பால் கொடுக்கும் பெண் ஓநாய்க்கு 2, பேரரசி ஒட்டாசிலியாவின் காசில் உள்ள நீர்யானைக்கு 4 என ரோமன் எண்கள் அடியில் நிற்கின்றன.

இந்தக் கண்காணிப்பு எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. அவுரேலியன் ஆட்சியில், 271 வாக்கில், ரோம் நாணயச்சாலைத் தொழிலாளர்கள் நிதி அதிகாரி ஃபெலிசிசிமஸின் தூண்டுதலால் கலகம் செய்தார்கள். அவர்கள் ‘காசின் குறியை அராவிவிட்டு’, தண்டனைக்கு அஞ்சி ஆயுதம் ஏந்தினார்கள் என்று அவுரேலியஸ் விக்டர் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். சீலியன் குன்றில் நடந்த சண்டையில் 7,000 வீரர்கள் மாண்டதாகவும் அவர் சொல்கிறார். அந்த எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். ஒரு சிறு எழுத்தைக் காட்டி ஒருவனைத் தூக்கிலேற்ற முடிந்த காலம் அது என்பதை மறந்துவிட்டு இக்குறிகளைப் படிக்கக் கூடாது.

பட்டறைகளுக்கு எண்ணிட எந்த எழுத்துகளைப் பயன்படுத்தினார்கள்?

மேற்கு மாகாணங்களில் பெரும்பாலும் இலத்தீன் வரிசைச் சொற்களின் முதலெழுத்துகள் வந்தன: ‘பிரிமா’வுக்குப் பி, ‘செக்குண்டா’வுக்கு எஸ், ‘டெர்ஷியா’வுக்கு டி, ‘குவார்ட்டா’வுக்குக் க்யூ. கிழக்கிலும், பல வேளைகளில் ரோமிலும்கூட, கிரேக்க எழுத்துகளே எண்களாக நின்றன. கிரேக்கருக்குத் தனி எண் வடிவங்கள் இல்லை, எழுத்தே எண். ஆல்ஃபா 1, பீட்டா 2, காமா 3, டெல்டா 4, எப்சிலான் 5; ஆறுக்கு, பழைய எழுத்தொன்றின் எச்சமாகிய, ‘எஸ்’ போலத் தோன்றும் ஒரு வடிவம்; பிறகு சீட்டா 7, ஈட்டா 8, தீட்டா 9, அயோட்டா 10. பத்துக்கு மேல் போனால் பத்துக்குரிய எழுத்தையும் ஒற்றை இலக்கத்துக்குரிய எழுத்தையும் சேர்த்து எழுதுவார்கள். ஒற்றை இலக்க எழுத்துகள் இரண்டை அடுத்தடுத்து வைப்பது அம்முறையில் வழக்கமே இல்லை. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் செய்தியின் விந்தை முழுதாக விளங்கும்.

தீட்டா எழுத்துக்கு என்ன குறை?

கிரேக்க மொழியில் மரணத்துக்குரிய சொல் ‘தானட்டோஸ்’. அதன் முதலெழுத்து தீட்டா: ஒரு வட்டம், நடுவே ஒரு கோடு. இலத்தீன் நெடுங்கணக்கில் இவ்வெழுத்து கிடையாது. ஆகவே ரோமானியர் கண்ணுக்கு அது ஓர் ஒலியைக் குறிக்கும் எழுத்தாகப் படவில்லை, இறந்தவர் பெயரருகே இடும் முத்திரையாகவே பட்டது. படைப்பிரிவின் ஆள்கணக்கில் இறந்துபோன வீரனின் பெயருக்குப் பக்கத்தில் அதை இடுவார்கள். முதல் நூற்றாண்டுக் கவிஞர் பெர்சியஸ் ‘கருந்தீட்டா’ என்றே அதைச் சொல்கிறார். ஏழாம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிதோர், அவ்வெழுத்தின் நடுவே ஓர் ஈட்டி பாய்ந்திருக்கிறது, அது சாவின் அடையாளம் என்று விளக்குகிறார். வடிவத்தைப் பார்த்துப் பிற்காலத்தில் கட்டிய விளக்கமாக அது இருந்தாலும், அந்த எழுத்தைக் கண்டவர் மனத்தில் எது தோன்றியது என்பதை அது சொல்லிவிடுகிறது.

கண்ணால் காண வேண்டுமானால் மாட்ரிட் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு தரைச் சித்திரத்தைப் பாருங்கள். அஸ்தியனாக்ஸ், கலெண்டியோ என்னும் இரண்டு வாள்வீரர்கள் பொருதும் காட்சி அது. அஸ்தியனாக்ஸின் பெயரருகே ‘வென்றான்’ என்ற சொல் இருக்கிறது. கலெண்டியோவின் பெயரருகே சொல் எதுவும் இல்லை. குறுக்கே கோடு கிழித்த ஒரு வட்டம் மட்டும் இருக்கிறது. ரோமில் போர்கேசே மாளிகைத் தரைச் சித்திரங்களிலும் விழுந்து கிடக்கும் வீரர்களின் அருகே இதே வட்டம் நிற்கிறது.

சரி, காசுகளில் தீட்டாவைத் தவிர்த்தார்கள் என்பது எப்படித் தெரிகிறது?

இரண்டு ஊர்களின் காசுகள் இதைக் காட்டுகின்றன. அவை ஒன்றையொன்று சாராதவை என்பதால்தான் எனக்கு இச்சான்று வலுவாகப் படுகிறது.

முதலாவது ரோம். பேரரசர் கல்லியேனஸ் தம் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 267–268இல், தெய்வங்களின் காவலை வேண்டி விலங்குகளைப் பொறித்த காசுகளை வெளியிட்டார். கிரிஃபின், சிறகுக் குதிரை, சிறுத்தை, மான், பாதி மனிதனும் பாதிக் குதிரையுமான செண்டார் என்று அத்தொடர் ஒரு சிறு விலங்குக் காட்சிச்சாலை போலவே இருக்கும். பட்டறை எண்கள் கிரேக்கத்தில் ஆல்ஃபா தொடங்கி ஈட்டா வரை, அதாவது எட்டு வரை, ஒழுங்காகப் போகின்றன. ஒன்பதில் வரிசை சட்டென்று முறிகிறது. நெப்டியூனுக்குரிய கடற்குதிரையின் கீழே தீட்டா இல்லை. ‘நோனா’, அதாவது ஒன்பதாவது, என்னும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தாகிய ‘என்’ நிற்கிறது. அதற்குப் பிறகு 10, 11, 12 ஆகியவை ரோமன் எண்களில் தொடர்கின்றன.

இரண்டாவது அந்தியோக்கியா, இன்றைய துருக்கியில் ஓரண்டீஸ் ஆற்றங்கரையில் உள்ள அந்தாக்கியா. புரோபஸ் (276–282) காலத்தில் அங்கே அடித்த ஒரு காசைக் கையில் எடுத்துக்கொள்வோம். தலைப்பக்கத்தில் கதிர்கள் நீட்டிய முடியுடன் பேரரசர். பின்பக்கத்தில் இடப்புறம் கழுகுச் செங்கோல் ஏந்திய பேரரசரும் வலப்புறம் நெடுங்கோல் பிடித்த யூப்பிட்டரும் எதிரெதிரே நிற்கிறார்கள். உலகைக் குறிக்கும் ஒரு சிறு உருண்டை தெய்வத்தின் கையிலிருந்து அரசன் கைக்கு மாறுகிறது. சுற்றிலும் ‘காலத்தின் கருணை’ என்று பொருள்படும் வாசகம். அடியில் ரோமன் எண்ணில் 21 இருக்கிறது; இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்று பெரும்பாலோர் இதற்குப் பொருள் கொள்வார்கள். இரண்டு உருவங்களின் கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பட்டறை எண். மற்றப் பட்டறைகளின் காசுகளில் அந்த இடத்தில் ஓர் எழுத்துதான் இருக்கும். ஒன்பதாம் பட்டறையின் காசில் இரண்டு எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கின்றன: எப்சிலான், டெல்டா. ஐந்தும் நான்கும் ஒன்பது. வேறு சில வெளியீடுகளில் அது டெல்டா, எப்சிலான் என்று முன்பின்னாகவும் வரும்.

முன்பு சொன்ன விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். கிரேக்க எண்முறை தெரிந்த எவரும் ஒன்பதை இப்படி எழுத மாட்டார்கள். இடம் குறைந்த ஒரு மூலையில், ஓர் எழுத்து போதுமான இடத்தில், இரண்டு எழுத்துகளை அச்சில் செதுக்கும் வேலையை யாரோ விரும்பி ஏற்றிருக்கிறார்கள்.

இது அச்சு செதுக்கியவரின் பிழையாகவோ வெறும் வசதிக்காகவோ இருக்கலாகாதா?

பிழையாக இருக்க முடியாது. புரோபஸ் காலத்திலும் அவருக்குப் பின்வந்த கேரஸ், டயோக்ளீஷியன் ஆகியோர் காலத்திலும் அதே நகரில் அதே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. வசதி என்ற வாதத்துக்குச் சற்று நியாயம் உண்டு. அக்காலக் காசுகளில் எப்சிலான் வளைந்த வடிவில், நடுக்கோட்டுடன் பொறிக்கப்படும். தேய்ந்த காசில் வட்டத்தின் வலப்புறம் மழுங்கினால் தீட்டாவை எப்சிலான் என்று படிக்க நேரும். ஐந்தாம் பட்டறையும் ஒன்பதாம் பட்டறையும் மயங்கும். ஆயினும் காசு கணக்குப் பார்க்கப்படுவது புதிதாக இருக்கும்போதே தவிர, தேய்ந்த பிறகு அன்று. ரோமில் வேறொரு வழியிலும் அந்தியோக்கியாவில் வேறொரு வழியிலும், ஆனால் சரியாக அதே எழுத்தில், விலகிப் போயிருப்பதை வசதி விளக்கவில்லை. அச்சம் விளக்குகிறது.

‘அச்சம்’ என்ற சொல்கூடச் சற்றுப் பெரிதோ என்று தோன்றுகிறது. செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்று சொல்வதை நம் இலக்கணம் ‘மங்கலம்’ என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. அப்படிச் சொல்பவர் எல்லாரும் நடுங்கிக்கொண்டு சொல்வதில்லை. அந்தச் சொல்லை வாயில் எடுக்க மனம் வருவதில்லை, அவ்வளவுதான். தன் பட்டறையின் அடையாளமாகச் சாவின் எழுத்தை நாள்தோறும் அடிப்பதற்கு அந்தத் தொழிலாளிக்கும் மனம் வரவில்லை.

இதே நிலப்பரப்பில் எபிரேயர் வேறொரு காரணத்துக்காக இதே உத்தியைக் கையாண்டார்கள். எபிரேயத்தில் 15ஐ 10 + 5 என்று எழுதினால் இறைவன் திருப்பெயரின் எழுத்துகள் வந்துவிடும். ஆகவே 9 + 6 என்று எழுதுகிறார்கள், இன்றும் அப்படியே. அங்கே தூண்டியது பக்தி, இங்கே அமங்கலம்.

அப்படியானால் கான்ஸ்டாண்டினோபிள் காசுகளில் தீட்டா இருக்கிறதே?

இருக்கிறது, தாராளமாகவே. நான்காம் நூற்றாண்டுச் செம்புக் காசுகளில் நகரின் பெயர்ச்சுருக்கத்தை அடுத்துத் தீட்டா வருகிறது. பின்னர் இரண்டாம் தியோடோசியஸ், அனஸ்தாசியஸ், ஜஸ்டினியன் ஆகியோரின் பொற்காசுகளில் வெற்றி வாசகத்தின் முடிவில் ஒன்பதாம் பட்டறையின் எண்ணாகத் தீட்டா எந்தத் தயக்கமும் இன்றி நிற்கிறது. ஆகவே தீட்டாவைத் தவிர்த்தது பேரரசின் ஆணையன்று. குறிப்பிட்ட சில நாணயச்சாலைகளில், குறிப்பிட்ட காலத்தில் நிலவிய பழக்கம். ‘ரோமானியர்கள் தீட்டாவைப் பொறிக்கவே மாட்டார்கள்’ என்று சில விற்பனைக் குறிப்புகளில் காணப்படும் வாக்கியம் தவறானது.

கிறித்தவம் பரவியதால் அச்சம் விலகியது என்று முடிவு கட்ட ஆசை எழும். நான் அதை ஏற்பதில்லை. மேலே சொன்ன இசிதோர் ஒரு கிறித்தவ ஆயர். அவர் காலத்திலும் தீட்டா சாவின் எழுத்தாகவே இருந்தது. அந்தியோக்கியாவிலேயே நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சமயகுருவாக இருந்த யோவான் கிறிசோஸ்தோம், திருமுழுக்குப் பெற வந்தவர்களைப் பார்த்து, மாசிடோனிய அலெக்சாண்டரின் செம்புக் காசுகளைத் தலையிலும் காலிலும் கட்டிக்கொள்கிறீர்களே என்று கடிந்திருக்கிறார். காசையே தாயத்தாகக் கட்டிய ஊரில், காசின் மேல் உள்ள எழுத்தைப் பற்றிய உணர்வு மதம் மாறிய அன்றே மறைந்திருக்காது.

பேரரசர் வாலென்ஸ் காலத்துத் தீட்டா வழக்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பலர் இணைத்துப் பேசுவதால் அந்நிகழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாலென்ஸுக்குப் பிறகு அரியணை ஏறப்போவது யார் என்று அறிய, சிலர் இரகசியமாகக் குறி கேட்டார்கள். மூன்று கால் பீடத்தின் மேல் எழுத்துகள் பொறித்த ஒரு தட்டை வைத்து, நூலில் தொங்கவிட்ட மோதிரம் எந்த எழுத்தைத் தொடுகிறது என்று பார்த்தார்கள். மோதிரம் தீட்டா, எப்சிலான், ஓமிக்ரான், டெல்டா என்று தொட்டது. உடனே ‘தியோடோரஸ்’ என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள். செய்தி கசிந்தது. 371–372 வாக்கில் அந்தியோக்கியாவில் கொடூரமான விசாரணைகள் நடந்தன. அரசு எழுத்தரான தியோடோரஸ் கொல்லப்பட்டார். அந்நகரில் பிறந்தவராகக் கருதப்படும் அம்மியானஸ் மார்செல்லினஸ் இதை நெஞ்சு பதறும்படி விவரித்திருக்கிறார். 378இல் வாலென்ஸ் போரில் மடிந்தபின் அடுத்த ஆண்டு அரியணை ஏறியவர் தியோடோசியஸ். முதல் நான்கு எழுத்துகள் அவையே.

எழுத்துகளுக்கு மந்திர ஆற்றல் உண்டென்று அந்நகரத்தார் எவ்வளவு ஆழமாக நம்பினார்கள் என்பதற்கு இது சான்று. ஆனால் காசில் தீட்டாவைத் தவிர்த்தது இதற்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தியது. இவ்வழக்கால் அப்பழக்கம் பிறந்தது என்று சொல்வது காலக்கணக்குக்கே ஒவ்வாது.

புரியாத எழுத்து எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. டிச்சினம் நகரில் புரோபஸுக்காக அடித்த ஒரு தொடரில் ஆறு பட்டறைகளும் ஆளுக்கோர் எழுத்தைப் பொறித்தன. ஆறு காசுகளையும் வரிசையாக வைத்தால் ‘ஈக்விட்டி’ என்ற சொல் வரும். சிஸ்கியாவில் டயோக்ளீஷியனுக்கும் மாக்சிமியனுக்கும் அடித்த காசுகளில், யூப்பிட்டர், ஹெர்குலிஸ் ஆகிய இரு தெய்வங்களின் பெயர்கள் இதேபோலத் துண்டு துண்டாகப் பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளன. பிரிட்டனில் தன்னைப் பேரரசன் என்று அறிவித்துக்கொண்ட கரௌசியஸின் (286–293) காசுகளில் வரும் ‘ஆர்-எஸ்-ஆர்’ என்ற எழுத்துகள் நாணயச்சாலையின் பெயர் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டன. 1990களின் இறுதியில் கை டி லா பெடோயர் என்னும் வரலாற்றாய்வாளர், அவற்றையும் கரௌசியஸின் பதக்கமொன்றில் உள்ள வேறு ஆறு எழுத்துகளையும் சேர்த்துப் படித்து, அவை கவிஞர் வெர்ஜிலின் நான்காம் முல்லைப் பாட்டில் அடுத்தடுத்து வரும் இரண்டு அடிகளில் உள்ள சொற்களின் முதலெழுத்துகள் என்று காட்டினார். பொற்காலம் திரும்புகிறது என்று கூறும் அடிகள் அவை.

குறியைப் படிக்கும்போது பொதுவாக எங்கே தடுமாறுகிறோம்?

‘எஸ்’ வடிவத்தில்தான். மேற்கில் அது இரண்டாம் பட்டறை; கிழக்கில் ஆறாம் பட்டறை. ஊரை முதலில் உறுதிசெய்துகொண்டே எண்ணைப் படிக்க வேண்டும். அடுத்த தடுமாற்றம் ஆர்ல் நகரத்தால் வருவது. 328 முதல் அந்நகருக்குக் கான்ஸ்டன்டினா என்று பெயர் சூட்டினார்கள். அதன் குறி கான்ஸ்டாண்டினோபிளின் குறியைப் போலவே ஆகிவிட்டது. பட்டறை எழுத்து ஊர்ச்சுருக்கத்துக்கு முன்னால் நின்றால் ஆர்ல் என்றும், பின்னால் கிரேக்க எழுத்தாக நின்றால் கான்ஸ்டாண்டினோபிள் என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானியக் காசுகளில் இக்குறிகளைக் காண முடியுமா?

புகழ்பெற்ற பொன், வெள்ளிப் புதையல்களில் காண முடியாது. அவை பெரும்பாலும் முதலிரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, இம்முறைக்கு முந்தியவை. 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் மேல் உள்ள உளி வெட்டு, பேரரசரின் தலைமீது விழுந்த வெட்டே தவிர நாணயச்சாலைக் குறியன்று. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரையிலும், இலங்கையிலும் கிடைத்த நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செம்புக் காசுகளில்தான் தேட வேண்டும். அவை விரல்நுனி அளவே உள்ளவை. பல கை மாறித் தேய்ந்தவை. அடியில் உள்ள பிறைப்பகுதிதான் முதலில் மழுங்கும். கீழ்த்திசை நாணயச்சாலை ஒன்றின் எழுத்து தப்பிப் பிழைத்திருந்தால், அதை அடித்த பட்டறையையே நீங்கள் அடையாளம் காணலாம்.

தீட்டா பொறித்த காசை வீட்டில் வைத்திருக்கலாமா? புளி போட்டுத் துலக்கலாமா?

தாராளமாக வைத்திருக்கலாம். தீட்டா பொறித்த பொற்காசுகளைக் கான்ஸ்டாண்டினோபிள் மக்கள் கூலியாகவும் வரியாகவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டார்கள். புளி மட்டும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். செம்புக் குடத்துக்கு ஏற்றது செம்புக் காசுக்கு ஏற்காது. புளிப்பு அரிக்கும் முதல் அடுக்கில்தான் அந்த நுண்ணிய எழுத்துகள் இருக்கின்றன. காய்ச்சி வடித்த நீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் அகற்றி, சாய்ந்த வெளிச்சத்தில் காசை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் மேடாகத் தெரிந்தது, நிழல் விழும் கோணத்தில் இரண்டு எழுத்துகளாகப் பிரியும்.